எலும்பு அறுவைக்குப் பின் ஓராண்டு: எங்கள் நிலைப்பாடு

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் எலும்பு முறிவுக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் அறுவை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்தது எங்கள் சங்கம். நாங்கள் கேட்பது இது: உடம்புக்குள் ராடோ பிளேட்டோ செயற்கை மூட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார் என்பதை, குறைந்தது ஓராண்டு வரை, அறுவை செய்த மருத்துவமனையே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சொன்ன தேதிக்கு வராதவரைத் தேடும் பொறுப்பும் மருத்துவமனையைச் சேர்ந்தது. அதற்கான ஆளையும் பணத்தையும் அரசு தர வேண்டும்.

அறுவை வரைக்கும் நம் மாவட்டத்தில் வழி இருக்கிறது. நாலுவழிச் சாலையில் அடிபட்டவரை 108 தூக்கிவருகிறது. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. கடலூர் தலைமை மருத்துவமனையிலும் சிதம்பரம் மருத்துவக் கல்லூரியிலும் கைதேர்ந்த எலும்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் நன்றியோடுதான் மேற்கொண்டு பேசுகிறோம்.

சிக்கல் டிஸ்சார்ஜுக்குப் பிறகு தொடங்குகிறது. மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டம் வீடு திரும்பிய பின் ஏற்கும் செலவு 15 நாளுக்குத்தான். தையல் பிரிக்கவே ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும். தொடை எலும்பு ஒன்றுசேர மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். உலோகத்தைச் சுற்றிச் சீழ் பிடிப்பது பல மாதம் கழித்தும் வெளிப்படலாம்.

காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து, காலில் ராடு வைத்த ஒருவர் ஆறாம் வாரம் எக்ஸ்ரேவுக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். வாக்கரோடு பஸ் படி ஏற முடியாது, ஆட்டோ பிடிக்க வேண்டும். கூட வரும் மகனுக்கோ மனைவிக்கோ அன்றைய கூலி போய்விடும். சீட்டு வாங்க ஒரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு இன்னொரு வரிசை. படம் கைக்கு வருவதற்குள் ஓ.பி. முடிந்திருந்தால் மறுநாளும் வர வேண்டும். அடுத்த தடவை “வலி இல்லையே, எதுக்கு அலையணும்” என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் வராதவரெல்லாம் குணமானவர் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. அவர்களில் குணமானவரும் உண்டு, ஸ்க்ரூ உடைந்து ஜிப்மருக்குப் போனவரும் உண்டு, இடுப்பு முறிந்து படுக்கையிலேயே காலமான முதியவரும் உண்டு. முழங்கை முறிவுக்குப் பின் விறைப்பு போக எண்ணெய் போட்டு அழுத்தி நீவி, தசைக்குள்ளேயே எலும்பு படிந்து, கை மடங்காமல் போனவரும் உண்டு. நீவக் கூடாது என்று மூன்றாம் வாரம் ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் அந்தக் கையைக் காப்பாற்றியிருக்கலாம்.

அறுவைக்குப் பின் நோயாளியைத் தொடர்ந்து கேட்டுப் பதிவது புதிய யோசனையில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், ஒவ்வொரு நோயாளியையும் குறைந்தது ஓராண்டு தொடர்ந்து விளைவை எழுத வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே போராடினார். சுவீடன் 1975இல் முழங்கால் மாற்று அறுவைக்கு நாடு தழுவிய பதிவேடு தொடங்கியது. நம் நாட்டில் இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு மருத்துவர்கள் தாமாக முன்வந்து பதியும் ஏடு ஒன்று இருக்கிறது. சாலை விபத்தில் நொறுங்கிய காலுக்கு அதில் இடமில்லை.

பதிவு இல்லாததன் விலையை இந்தியா ஒருமுறை கொடுத்துவிட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ நிறுவனம் தயாரித்த ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டில் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. அது அளவுக்கு மீறிப் பழுதாவதை ஆஸ்திரேலியத் தேசியப் பதிவேடு 2007இலேயே கண்டது. 2010இல் நிறுவனம் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அந்த மூட்டு சுமார் 4,700 அறுவைகளில் பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது, உதவி எண் வழியாகத் தெரியவந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள், அந்த மூட்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று சொல்ல ஏடு இல்லை.

ஆகவே இன்னொரு கோரிக்கை. உள்ளே வைக்கும் பொருளின் பெட்டியோடு கம்பெனிப் பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட சிறிய ஸ்டிக்கர்கள் வருகின்றன. ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். இன்னொன்றை நோயாளியின் கையில் கொடுக்கும் அட்டையிலும் ஒட்ட வேண்டும். ‘பிளேட் போடப்பட்டது’ என்ற ஒற்றை வரி, பத்தாண்டு கழித்து அதைக் கழற்ற வேண்டிய மருத்துவருக்கு உதவாது.

நோயாளியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எலும்பு கூடியதா என்பதோடு நிறுத்தக் கூடாது. நடவு நட முடிகிறதா, முந்திரிக்கொட்டை உடைக்கக் கீழே உட்கார முடிகிறதா, கழிப்பறையில் குந்தி எழ முடிகிறதா, பழைய வேலைக்குத் திரும்பினாரா என்று கேட்க வேண்டும். இடுப்பு முறிந்த முதியவரிடம், எலும்பு வலுவுக்கான மருந்து தொடங்கியாயிற்றா என்றும் கேட்க வேண்டும். அறுவையோடு இது மறந்துபோகிறது.

விளைவை வெளியிட்டால் சிக்கலான கேஸை எடுக்கவே தயங்குவோம் என்று மருத்துவர்கள் சிலர் எங்களிடம் சொன்னார்கள். நியாயமான அச்சம். மருத்துவர் பெயரைப் போட்டு வரிசைப்படுத்துவதை நாங்களும் எதிர்க்கிறோம். மருத்துவமனை அளவில், காயத்தின் கடுமையையும் வயதையும் சேர்த்துப் பார்த்த விவரம் போதும்.

செய்வது கடினமில்லை. ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று நான்கு போன் அழைப்புகள். போனில் கிடைக்காதவர் வீட்டுக்கு, 2021 முதல் ஊர் ஊராக இயன்முறை மருத்துவரை அனுப்பிவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழு போகலாம். விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் போன்ற தாலுகா மருத்துவமனையிலேயே எக்ஸ்ரே எடுத்து, அறுவை செய்த மருத்துவருக்கு அனுப்பலாம். தனியார் மருத்துவமனைகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கை, ஓராண்டு அறிக்கை வந்த பிறகே விடுவிக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, உறுப்பினர்களின் போன் எண் மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவிக்கிறோம். திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போனவரின் ஊர் விலாசத்தையும் வாங்கித் தருகிறோம். முதற்கட்டமாகக் கடலூர், சிதம்பரம் அரசு மருத்துவமனைகள் இரண்டிலும், தொடை எலும்பு, இடுப்பு அறுவைகளுக்கு மட்டுமாவது இதைத் தொடங்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.