வேட்டிக்குச் சொட்டு நீலம்... முகத்துக்கு ஆரஞ்சு!

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தாச்சு. நைட் முழுக்கக் கண் முழிச்சு ரெக்கார்ட் நோட் எழுதிட்டு, காலையில குரூப் போட்டோவுக்குப் போய் நின்னா, கண்ணுக்குக் கீழே ரெண்டு கருவளையம் 'நாங்களும் வர்றோம்'னு அட்டெண்டென்ஸ் போடும். உடனே பல பேர் என்ன பண்றாங்க? தன் நிறத்தைவிட ரெண்டு ஷேடு வெளுப்பான கன்சீலரை வாங்கி அப்பிடுறாங்க. விளைவு? கருப்பு போய் சாம்பல் வந்துடும். 'என்னடி, திருநீறை நெத்தியில பூசாம கண்ணுக்குக் கீழே பூசியிருக்கே?'னு பாட்டி கலாய்ப்பாங்க!

ஏன் அப்படி ஆகுது? இதுக்கான பதில் உங்க வீட்டுத் துணி துவைக்கிற கல்லுகிட்டயே இருக்கு. பழுப்பேறின வெள்ளை வேட்டியை அம்மா என்ன பண்ணுவாங்க? வெள்ளைப் பெயின்ட்டா அடிப்பாங்க? சொட்டு நீலம் போட்டு அலசுவாங்க. மஞ்சளை ஊதா கலந்த நீலம் அடக்கிடும். வேட்டி பளிச்! கலர் கரெக்டரும் அதே கதைதான். நிறச் சக்கரத்தில் எதிரும் புதிருமா உட்கார்ந்திருக்கிற ரெண்டு நிறங்கள் சேர்ந்தா, ஒண்ணை ஒண்ணு மங்கடிச்சுடும். நீலத்துக்கு ஆரஞ்சு, சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா. எஞ்சினீயரிங் மக்களே, நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஞாபகம் வருதா? அதே லாஜிக்!

நம்ம ஊர் மாநிறம், கருப்பு நிறத் தோலில் கண்ணுக்குக் கீழே தெரியிற கருமை பெரும்பாலும் பழுப்பும் நீலமும் கலந்தது. அதுமேல நேரா வெளிர் கன்சீலர் போட்டா, அடியில இருக்கிற நீலம் எட்டிப் பார்த்து சாம்பலாக்கிடும். ஸோ, முதல்ல ஆரஞ்சு. மாநிறத்துக்கு பீச், அதைவிடக் கொஞ்சம் டார்க்னா ஆரஞ்சு, நல்ல கருப்புன்னா சிவப்பு கலந்த ஆரஞ்சு. 2015-ல் இந்திய வம்சாவளி அமெரிக்கப் பெண்ணான தீபிகா முத்யாலா, கண்ணுக்குக் கீழே சிவப்பு லிப்ஸ்டிக் தடவி, அதுக்கு மேல கன்சீலர் போட்டுக் காட்டிய வீடியோ உலகம் முழுக்கப் பரவியது இந்த லாஜிக்காலதான். ஆனா, லிப்ஸ்டிக்கில் போடுற எல்லாச் சாயமும் கண் பக்கத்துக்கு ஏத்தது இல்லை. அதுக்குன்னு இருக்கிற கரெக்டரே பெட்டர்.

பச்சை, ஊதா எல்லாம் அடுக்கி வெச்சு ஒரு பெட்டி விக்கிறாங்களே, வாங்கலாமான்னு கேக்குறீங்களா? பச்சை, முகம் சட்டுனு சிவக்கிற வெளுத்த தோலுக்குத்தான் அதிகம் தேவைப்படும். நம்ம தோலில் பரு போன இடம் பெரும்பாலும் பழுப்புத் தழும்பாத்தான் நிக்கும். அதுக்கும், வாயோரக் கருமைக்கும், மங்குக்கும் அதே பீச், ஆரஞ்சு போதும். பாக்கெட் மணி மிச்சம் பாஸ்!

ஓ.கே., இப்போ ப்ராக்டிகல் கிளாஸ். முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் போட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. கரெக்டரை அரிசி மணி அளவு மட்டும் எடுங்க. கருத்த இடத்துல மட்டும் மோதிர விரலால ஒத்தி ஒத்தி வைங்க. தேய்ச்சீங்கன்னா ஆரஞ்சு மொத்தமும் இடம் மாறி, தசாவதாரம்தான்! அதுக்கு மேல உங்க நிறத்திலேயே கன்சீலரோ ஃபவுண்டேஷனோ மெல்லிசா ஒரு பூச்சு. ஷேடை கையில தடவிப் பார்க்காதீங்க; தாடையும் கழுத்தும் சேர்ற இடத்துல தடவி, கடைக்கு வெளியில வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க. எது கண்ணுக்கே தெரியாம மறையுதோ, அதுதான் உங்க ஷேடு. பாய்ஸ், பக்கத்தைப் புரட்டாதீங்க, உங்களுக்கும்தான் சொல்றேன்!

'எது மறையுதோ அதுதான் உங்க ஷேடு'ன்னு சொன்னேன் பாருங்க, மேட்டரே அதுலதான் இருக்கு. கரெக்டரோட வேலை முகத்தைக் கழுத்தோட சேர்த்து வைக்கிறது. கழுத்தைவிட வெளுப்பாக்குறது இல்லை. இந்த வித்தியாசம் புரியாததாலதான் நம்ம பசங்க பல பேர் மேக்கப் பக்கமே வராம, நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 'கலர் வர்ற க்ரீம்' கேக்குறாங்க. ஹாஸ்டல்ல ஒருத்தி வாங்கினா, ஒரே மாசத்துல அந்த ஃப்ளோர் முழுக்க அதே ட்யூப்!

அந்த மாதிரி ட்யூப் பலதுல இருக்கிறது ஸ்டீராய்டு. மங்கு மாதிரி பிரச்னைக்கு டாக்டர் சில வாரம் மட்டும் எழுதித் தர்ற மருந்து அது. நம்ம இஷ்டத்துக்குப் போட்டா, முதல் சில வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, சிவந்து, பரு வெடிச்சு, முடி முளைச்சு, வெயில்ல போனாலே எரியும். நிறுத்தினா இன்னும் மோசமாகும். அந்த பயத்துல மறுபடி ட்யூபைத் தேடுவாங்க. இதனாலதான் 2018-ல் மத்திய அரசு, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விக்கணும்கிற பட்டியலில் ஸ்டீராய்டு க்ரீம்களைச் சேர்த்தது. ஏற்கெனவே போட்டுட்டு இருக்கீங்களா? நீங்களா சட்டுனு நிறுத்தாம, தோல் டாக்டர்கிட்ட ட்யூபையும் கையோட எடுத்துட்டுப் போங்க. திட்டு விழுந்தா விழட்டும், முகம் தப்பிக்கும்.

1975-ல் இருந்து நம்ம ஊர்ல வித்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிடுச்சு. க்ரீம் பேரை மாத்திடுச்சு. 'பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி'ன்னு சொல்ற சித்திகளும் அத்தைகளும்தான் இன்னும் டயலாக்கை மாத்தலை. அவங்களுக்காக ட்யூபைக் கையில எடுக்காதீங்க ப்ளீஸ்.

ஸோ, சிம்பிளா ஒரு டெஸ்ட். ராத்திரி தேங்காய் எண்ணெயை விரல்ல தொட்டுத் துடைச்சு, முகம் கழுவினதும் போயிடுதா? அது மேக்கப், தாராளமா விளையாடுங்க. கழுவினாலும் போகாம தோலுக்குள்ள குடித்தனம் பண்ணுதா? அது டாக்டர் டிபார்ட்மென்ட். கருவளையத்துக்கு மட்டும் இலவச டிப்ஸ் ஒண்ணு இருக்கு: ரெக்கார்ட் நோட்டை முதல் நாளே எழுதிடுங்க!

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். டாட்டா!