ஒரு அப்டேட்டுக்கு மொத்த கம்ப்யூட்டரும் ஏன் படுக்கணும்?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட். உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் நீலத்திரை. விமானங்கள் ரத்து, மருத்துவமனைகளில் குழப்பம்.

ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேர் விழுந்தால் எல்லாமே ஏன் விழணும்? அதன் டிரைவர் இயங்கியது 'கெர்னல்' எனும் மையப்பகுதிக்குள். அங்கே பிழை வந்தால் சிஸ்டமே நின்றுவிடும்.

இதற்கு மாற்று 'மைக்ரோகெர்னல்'. அத்தியாவசியத்தை மட்டும் மையத்தில் வைத்து, டிரைவர், ஃபைல் சிஸ்டம் போன்றவற்றை வெளியே தனித்தனியாக ஓட்டுவது. ஒன்று விழுந்தால் அதை மட்டும் மறுபடி எழுப்பிக்கலாம்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'மாக்' இதை முயன்றது. ஆனால், பகுதிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியே வேலை வாங்கியதால் வேகம் அடிவாங்கியது. 1992-ல் மினிக்ஸை உருவாக்கிய ஆண்ட்ரூ டானென்பாம், 'லினக்ஸ் வடிவமைப்பே காலாவதியானது' என்றார். லினஸ் டோர்வால்ட்ஸ் மசியவில்லை. சந்தையில் ஜெயித்தது லினக்ஸ்.

கதை அத்தோடு முடியலை. 1990களில் யோகன் லீட்கேயின் 'எல்4', அந்தச் செய்திப் பரிமாற்றத்தைப் பல மடங்கு வேகமாக்கியது. 2009-ல் அதே வழியில் வந்த 'எஸ்இஎல்4' கெர்னலின் சுமார் 8,700 வரி கோடு, சொன்னபடிதான் இயங்கும் எனக் கணிதரீதியாக நிரூபித்தார்கள். அதற்குப் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. கோடை மாற்றினால் நிரூபணத்தையும் திருத்தணும்.

ரீல்ஸ் பார்க்க இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஆனால், மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் வாங்கும்போது 'எவ்வளவு வேகம்?' என்பதற்கு முன், 'ஒன்று விழுந்தால் எத்தனை விழும்?' என்று கேட்பதே நியாயம்.