பிசாசுகளுக்குப் பட்சணம்

அமெரிக்கா தேசத்தில் ஒருவர் வீட்டுக்கு மற்றொருவர் போவதென்றால், அநேகமாய் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் போவது வழக்கம். உற்ற சிநேகிதராயிருந்தாலும் சரி, திடீரென்று போய்க் கதவைத் தட்டினால் வீட்டுக்காரருக்குச் சிறிது திகைப்பாகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட தேசத்தில் வருஷத்தில் ஒரே ஒரு நாள் சாயங்காலம் மட்டும், முன்பின் அறியாத குழந்தைகள் கூட்டங்கூட்டமாக வந்து கதவைத் தட்டலாம். வீட்டுக்காரரும் முகங்கோணாமல் திறந்து மிட்டாய் கொடுக்கவேண்டும். அந்த நாள் அக்டோபர் மாதம் 31-ந் தேதி. பண்டிகையின் பெயர் ஹாலோவீன்.

வருகிற குழந்தைகள் சாதாரணக் குழந்தைகளாகவா வருகிறார்கள்? ஒன்று பிசாசு, ஒன்று சூனியக்காரி, ஒன்று எலும்புக்கூடு. எல்லாருக்கும் பின்னால், நாலு வயதுப் புலி ஒன்று தன் வாலை ஒரு கையிலும் தாயாரின் விரலை மற்றொரு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கும். கதவு திறந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து, "ட்ரிக் ஆர் ட்ரீட்!" என்று கூவுவார்கள். "பட்சணம் தருகிறாயா, விஷமம் செய்யட்டுமா?" என்பது அதன் தாத்பரியம். மிரட்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் இவ்வளவு உற்சாகமாக மிரட்டுகிறவர்களையும், இவ்வளவு சந்தோஷமாக மிரட்டலுக்கு இணங்குகிறவர்களையும் வேறு எங்கே பார்க்க முடியும்?

இந்த வழக்கம் ஏற்பட்ட விதம் சுவாரஸ்யமானது. கிறிஸ்தவ சமயத்தார் நவம்பர் 1-ந் தேதியைச் சகல புனிதர்களின் திருநாளாகவும், 2-ந் தேதியை மரித்த ஆத்மாக்களின் நாளாகவும் அனுஷ்டிக்கிறார்கள். அதற்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அதே சமயத்தில் 'ஸாவின்' என்ற புராதனமான பண்டிகை ஒன்றும் இருந்தது. இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொல்லிப் பணியாரம் பெற்று வருவார்கள். ஸ்காட்லாந்தில் குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு போய், ஒரு பாட்டுப் பாடியோ வேடிக்கை காட்டியோ பரிசு வாங்குவார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்து அயர்லாந்து ஜனங்கள் லட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றபோது, வழக்கங்களும் அவர்களுடன் கப்பலேறின. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், இங்கே பறங்கிக்காயைக் கண்டார்கள். பறங்கிக்காய் அமெரிக்காக் கண்டத்துக்கே உரிய காய். பெரியது; குடைவதற்கும் இலகுவானது. டர்னிப் கிழங்குக்கு அன்றோடு உத்தியோகம் போயிற்று.

ஆனால் ஆதியில் அமெரிக்காவில் பட்சணத்தைவிட விஷமமே பிரதானமாயிருந்தது. வாலிபர்கள் அன்றிரவு வேலிக் கதவுகளைக் கழற்றி மரத்தில் மாட்டினார்கள். ஜன்னல்களில் சோப்பைப் பூசினார்கள். மினஸோட்டா மாகாணத்தில் அனோகா என்ற ஊரில் மாடுகளை அவிழ்த்து விட்டு விடியும் வரையில் ஊரைத் திண்டாட வைப்பார்களாம். ஊர்ப் பெரியவர்கள் யோசித்து, 1920-ல் பையன்களையெல்லாம் சேர்த்து ஊர்வலம் நடத்தி மிட்டாய் கொடுத்தார்கள். ஐயோவா மாகாணத்து டிமாயின் நகரத்தில், 1938-ல் வேறு யுக்தி செய்தார்கள். குழந்தைகள் 30-ந் தேதி வரவேண்டியது. ஒரு விடுகதையோ ஹாஸ்யத் துணுக்கோ சொன்னால்தான் மிட்டாய். சும்மா கேட்டால் கிடையாது. அந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே விடுகதைக்கு வருஷா வருஷம் வயிறு குலுங்கச் சிரித்த தாத்தாக்களும் பாட்டிகளும் வணக்கத்துக்குரியவர்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1942-லிருந்து 1947 வரையில் பிசாசுகளுக்கும் கஷ்டகாலம். ரேஷன் நீங்கியதும் வழக்கம் முன்னிலும் பன்மடங்காகப் பரவிற்று. யுத்தத்திற்குப் பிறகு நகரங்களைச் சுற்றிப் புதிதாகப் புறநகர்கள் ஏற்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

புறநகர் என்பது இந்தப் பண்டிகைக்கென்றே கட்டினாற்போல் அமைந்தது. தனித்தனி வீடுகள், முன்னால் புல்தரை, மதில் கிடையாது. தெருவிலிருந்து வாசற்படி வரையில் ஒரு சிறு நடைபாதை. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வாசல் விளக்கு எரிந்தால் தட்டலாம்; அணைந்திருந்தால் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கும் இந்தச் சட்டம் தெரியும்.

பெரு நகரங்களில் சம்பிரதாயம் வேறு. அடுக்குமாடிக் கட்டடங்களில் வாசல் விளக்கு ஏது? ஆகையால் பல கட்டடங்களில் கீழ்த்தளத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். குழந்தைகளை வரவேற்க விரும்புகிறவர்கள் தங்கள் வீட்டு எண்ணை அதில் எழுதவேண்டும். குழந்தைகள் மின்தூக்கியில் உச்சித் தளத்துக்குப் போய், மாடி மாடியாக இறங்கி வருவார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பழைய கல்வீடுகளின் படிக்கட்டுகளிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்துகொண்டு, மடியில் கிண்ணத்தை வைத்து விநியோகிப்பார்கள். கடைக்காரர்களும் கொடுப்பதுண்டு. கிராமாந்தரங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு மைல் இருந்தால் குழந்தைகள் எப்படி நடப்பது? மாதாகோவில் மைதானத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ மோட்டார்களை வரிசையாக நிறுத்தி, பின்புறப் பெட்டிகளைத் திறந்து அலங்காரம் செய்து, அவற்றிலிருந்தே மிட்டாய் கொடுக்கிறார்கள். வீடு குழந்தையைத் தேடி வருகிறது என்று சொல்லலாம்.

இவ்வளவும் வேடிக்கை. இனி வருவது அவ்வளவு வேடிக்கையல்ல.

தனவந்தர்கள் வசிக்கும் வீதிகளில் அன்று மாலை வெளியூர் மோட்டார்கள் வந்து நிற்கும். அவற்றிலிருந்து இறங்குகிற குழந்தைகள் அந்த வீதிக் குழந்தைகள் அல்ல. நடைபாதையே இல்லாத பெருஞ்சாலைகளின் ஓரத்திலும், விளக்கெரியாத தெருக்களிலும் வசிக்கிற குழந்தைகள். அவர்களுடைய பெற்றோர்கள், விளக்குகள் வரிசையாக எரிகிற ஒரு தெருவைத் தேடி அழைத்து வருகிறார்கள். 2014-ல் 'ஸ்லேட்' பத்திரிகையின் ஆலோசனைப் பகுதிக்கு ஒருவர் கடிதம் எழுதினார். தாம் தேசத்தின் மிகச் செழிப்பான பகுதிகளில் ஒன்றில் வசிப்பதாகவும், வருகிற குழந்தைகளில் பெரும்பாலோர் ஏழைப் பகுதிகளிலிருந்து வருவதாகவும், அவர்களுக்கும் மிட்டாய் வாங்குவது தம் கடமைதானா என்றும் கேட்டிருந்தார். பதில் எழுதிய அம்மையார் அவரை நன்றாகக் கடிந்துகொண்டு, பெரிய கடைக்குப் போய் இன்னும் நிறைய மிட்டாய் வாங்கும்படி புத்தி சொன்னார். தேசமெங்கும் இதைப்பற்றி வாதம் நடந்தது. வாதம் மிட்டாயைப் பற்றியது அல்லவென்று சொல்லவேண்டியதில்லை. "அக்கம்பக்கத்துக் குழந்தை" என்றால் எத்தனை தூரம் வரையில் அக்கம்பக்கம் என்பதே கேள்வி.

விளக்கு அணைந்த தெருக்களின் கதையையும் பார்க்கவேண்டும். டிட்ராயிட் நகரத்தில் ஹாலோவீனுக்கு முந்தின இரவைப் 'பிசாசு ராத்திரி' என்று அழைத்தார்கள். தொழிற்சாலைகள் மூடி, ஜனங்கள் ஊரைவிட்டுப் போய், ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாகக் கிடந்த காலம். 1984-ல் மூன்று நாட்களுக்குள் 800-க்கு மேற்பட்ட இடங்களில் தீ வைக்கப்பட்டது. நகரவாசிகள் கைகட்டிக்கொண்டிருக்கவில்லை. பல்லாயிரம் பேர் தொண்டர்களாகப் பெயர் கொடுத்து, இரவெல்லாம் தங்கள் தெருக்களைச் சுற்றிவந்து காத்தார்கள். 1995-ல் அந்த இரவின் பெயரையே 'தேவதை ராத்திரி' என்று மாற்றினார்கள். தீயும் வரவரக் குறைந்தது.

பயத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. "அந்நியர் கொடுக்கும் மிட்டாயில் விஷம் இருக்கும்" என்று அமெரிக்கத் தாய்மார்கள் நெடுங்காலமாக அஞ்சி வருகிறார்கள். 1974-ல் டெக்ஸாஸ் மாகாணத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹாலோவீன் மிட்டாயில் கலந்திருந்த ஸயனைடால் இறந்துபோனது உண்மை. ஆனால் அதைக் கலந்தவன் யார்? இன்ஷூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய சொந்தத் தகப்பன். 1984-ல் அவனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982-ல் சிகாகோப் பக்கத்தில் மருந்து மாத்திரைகளில் எவனோ விஷம் கலந்து ஏழு பேர் மாண்டார்கள்; அதற்கும் ஹாலோவீனுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும், அவ்வருஷம் பல ஊர்களில் பண்டிகையையே நிறுத்தச் சொன்னார்கள். டெலவேர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர், 1958 முதலான பத்திரிகைச் செய்திகளைப் பரிசீலித்தார். வீடு தேடி வந்த குழந்தையை அந்நியர் ஒருவர் மிட்டாயில் விஷமிட்டுக் கொன்றதாக நிரூபணமான சம்பவம் ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை. உண்மையான அபாயம் வீதியில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான 42 வருஷத்து விபத்துக் கணக்கை ஆராய்ந்தவர்கள், மற்ற நாட்களைவிட ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் மோட்டார் மோதி இறப்பது 43 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள். கதவுக்குப் பின்னால் இருப்பவரைக் கண்டு பயந்து மிட்டாயைச் சோதிக்கிறவர்கள், மோட்டாரை மெதுவாக ஓட்டினால் அதிகப் பிரயோஜனமுண்டு.

ஆனால் கதவுக்கு உள்ளேயிருப்பவரின் பயம் ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. 1992-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி, லூயிஸியானா மாகாணத்துப் பேட்டன் ரூஜ் நகரத்தில், யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்து ஒன்றுக்குப் புறப்பட்டான். நாகோயாவிலிருந்து ஒரு வருஷம் படிக்க வந்தவன். அவனும் அவனை வைத்துக்கொண்டிருந்த குடும்பத்துப் பையனும் வீட்டு அடையாளம் தவறி, வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டார்கள். கதவைத் திறந்த ஸ்திரீ பயந்துபோய் உள்ளே ஓடினாள். புருஷன் துப்பாக்கியுடன் வந்து, அசையாதே என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கத்தினான். தன்னை விருந்துக்கு வந்தவன் என்று சொல்லிக்கொண்டே ஹட்டோரி முன்னே வந்தான். ஒரே குண்டில் அந்தப் பிள்ளையின் ஆயுள் முடிந்தது. 1993-ல் ஜூரிகள் சுட்டவனை விடுதலை செய்தார்கள். மகனைப் பறிகொடுத்த பெற்றோர்கள் அமெரிக்காவைச் சபிக்கவில்லை. வீடுகளில் துப்பாக்கி இல்லாதிருக்க வேண்டுமென்று ஜப்பானில் 17 லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி, அவ்வருஷமே ஜனாதிபதி கிளின்டனை நேரில் கண்டு பேசினார்கள்.

அந்தக் கதவருகே யாராவது ஒருவர், "யாரப்பா நீ?" என்று கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமலிருக்க முடியவில்லை.

இந்தக் கேள்விக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதை வேறொரு விதத்தில் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். ஸியாட்டில் நகரத்தில் மனோதத்துவ சாஸ்திரிகள் சிலர், ஹாலோவீன் இரவில் 27 வீடுகளில் 1,352 குழந்தைகளை மறைந்திருந்து கவனித்து, 1976-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டு அம்மாள் குழந்தைகளை வரவேற்று, "ஆளுக்கு ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பக்கத்தில் சில்லறைக் காசுகள் நிறைந்த கிண்ணம் ஒன்றும் இருக்கும். சில குழந்தைகளிடம் மட்டும் பெயரும் வீடும் கேட்டு வைத்துக்கொள்வாள். பெயர் கேட்கப்படாமல் கூட்டமாக வந்தவர்களில் 100-க்கு 57 பேர் அதிகமாகவோ காசையோ எடுத்துக்கொண்டார்கள். பெயர் சொல்லித் தனியாக வந்தவர்களில் அப்படிச் செய்தவர்கள் 100-க்கு 8 பேருக்கு மேல் இல்லை. இரைச்சலிடும் வகுப்பில் வாத்தியார் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்ததும் ஏற்படுகிற அமைதியை அறிந்த எனக்கு, இது ஆச்சரியமாகப் படவில்லை. பெயரில்லாத கூட்டத்தில் குழந்தையும் சிறிது பிசாசாகிறது. பெயர் தெரியாத உருவத்தைக் கண்டால் பெரியவர்களும் அப்படியே.

ஆகையால் ஏழைத் தெரு, பணக்காரத் தெரு என்ற வாதத்துக்கும், விஷ பயத்துக்கும், துப்பாக்கிக்கும் சேர்த்து எனக்குத் தோன்றுகிற மருந்து ஒன்றே. கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்காராமல், வாசலில் நின்று கொடுக்கவேண்டும். "நீ யாரம்மா? எந்தத் தெரு? இந்த வாலை யார் தைத்தது?" என்று விசாரிக்க வேண்டும். தூரத்திலிருந்து வந்த குழந்தையாயிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி அதிகம் கேட்கவேண்டும். பதில் சொல்லி முடிப்பதற்குள் அது அக்கம்பக்கத்துக் குழந்தை ஆகிவிடும்.

வேண்டுமென்ற மனம் இருந்தால் வழி அகப்படாமல் போவதில்லை. சில குழந்தைகளுக்கு வேர்க்கடலையும் பாலும் ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுக்காக 2012-ல் டென்னஸி மாகாணத்தில் ஆரம்பித்த வழக்கப்படி, நீலப்பச்சை வர்ணம் பூசிய பறங்கிக்காயை வாசலில் வைத்தால், அந்த வீட்டில் மிட்டாய்க்குப் பதிலாக விளையாட்டுச் சாமான் கிடைக்கும் என்று அர்த்தம். 2020-ல் கொள்ளைநோய் வந்து ஆறடி தூரம் விலகி நிற்கவேண்டியிருந்தபோது, மாடிப்படிக் கைப்பிடியில் நீண்ட குழாயைக் கட்டி, மேலேயிருந்து மிட்டாயை உருட்டிவிட்டவர்கள் உண்டு.

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-ந் தேதி வந்தன. நியூயார்க் நகரப் பள்ளிக்கூடங்களுக்கு மறுநாள் தீபாவளிக்காக முதன்முதலாக விடுமுறை விட்டார்கள். அங்குள்ள நம்மவர் குழந்தைகளுக்குக் காலையில் எண்ணெய் ஸ்நானம்; மாலையில் எலும்புக்கூடு வேஷம். நமது வாசகர்களில் பலருக்கு அங்கே பிள்ளையோ பெண்ணோ குடியிருக்கக்கூடும். புதிதாகப் போனவர்கள், "நமக்கென்னத்திற்கு இந்தப் பிசாசு சமாசாரம்?" என்று அன்று வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருப்பதுண்டு. அடுத்த கடிதத்தில் அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்: விளக்கு எரியட்டும். மிட்டாய் தீர்ந்துபோனால் பாதகமில்லை; அதன் பிறகு அணைத்துக்கொள்ளலாம்.