போர்காட் கணவாயும் தடையுத்தரவும்

மழைக்காலம் பிறந்ததும் மலையருவிகளுக்கும் அணைகளுக்கும் தடையுத்தரவு போடுவது புனே ஜில்லாவில் வழக்கமாகி வருகிறது. ஜனங்களின் உயிரைக் காப்பதே அதிகாரிகளின் நோக்கம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. காகிதத்தில் எழுதிய உத்தரவு உயிரைக் காக்கிறதா என்பதே நாம் கேட்க விரும்புவது.

மும்பையிலிருந்து புனே செல்லும் ரயிலும் சாலையும் ஸஹ்யாத்ரி மலையை ஏறிக் கடக்குமிடம் போர்காட் கணவாய். அதன் உச்சியில் கண்டாலா, லோணாவளா என்னும் ஊர்கள் இருக்கின்றன. புனேயிலிருந்து லோணாவளா சுமார் 65 கிலோமீட்டர். லோக்கல் ரயிலேறிப் போகும் குமாஸ்தாவும் மாணவனும் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். வருஷம் முழுவதும் அங்கே போவதற்குக் காரணம் உண்டு. மழை நாளில் பாறை தோறும் அருவி. பனிக்காலத்தில் லோஹகட், ராஜ்மாச்சி கோட்டைகளுக்கு நடையும், செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறும் பயிற்சியும். கோடை முடிந்து முதல் மழை விழும் சமயம் ராஜ்மாச்சிக் காட்டில் மின்மினிகள் மரம் மரமாய் ஒளிரும். கார்லா, பாஜா குகைகளுக்கோ எந்தப் பருவமும் ஏற்றது. லோஹகட் கோட்டை 2025-ல் நமது செஞ்சியுடன் ஒரே பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பெரும் செல்வர்களுக்கு அங்கே பங்களா இருக்கிறது. வேலிக்குள் நீச்சல் குளமும் இருக்கிறது. தடையுத்தரவு அவர்களைத் தீண்டாது. லோக்கல் ரயிலில் வருகிறவனுக்கு ஓடையைத் தவிர வேறு என்ன உண்டு? இந்தக் கணவாயில் ரயில் பாதை போட 1856 முதல் 1863 வரை உழைத்த கூலிகளில் ஆயிரக்கணக்கானோர் நோயிலும் விபத்திலும் மாண்டனர். அவ்வாறு திறந்த மலையைச் சாமானியனுக்கு மூடுவதென்றால் அதற்குத் தக்க காரணம் வேண்டும்.

2024 ஜூன் 30-ந் தேதி பூசி அணைக்கு மேலுள்ள அருவியோடையில் ஒரு குடும்பத்தார் பாறை மீது நின்றிருந்தனர். மேலே பெய்த மழையால் நீர் திடீரென்று பெருகியது. ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்றும் பயனில்லை. ஒரு மாதும் நான்கு குழந்தைகளும் மாண்டனர். ஸஹ்யாத்ரியில் கரும்பாறை மேல் மண் குறைவு. விழுந்த நீரைப் பாறை குடிக்காது. சில நிமிஷங்களில் ஓடை ஆறாகும். கரையில் நிற்பவனுக்கு மேலே மழை பெய்வது தெரியாது. இதை அவனுக்குச் சொல்ல அன்று ஓர் ஆள் இருந்திருந்தால்!

அதற்குப் பின் வந்தது தடையுத்தரவு. 144 என்ற எண்ணைத் தேசத் தொண்டர் எவரும் மறந்திருக்க முடியாது. கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது என்று அந்நிய ஸர்க்கார் போட்ட உத்தரவுகளுக்கு அதுவே ஆயுதம். 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய சட்டத்தில் அது 163-ம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியதேயன்றி இயல்பு மாறவில்லை. திடீர் அபாயத்துக்காக ஏற்பட்ட அதிகாரம் அது. ஆகவேதான் சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. லோணாவளாவில் ஜூலையில் மழை பெய்வது திடீர் அபாயமா? பஞ்சாங்கம் பார்த்தே சொல்லிவிடலாமே!

உத்தரவின் பலன் என்ன? 2025 ஜூன் 15-ந் தேதி அதே ஜில்லாவில் குண்டமலா என்ற இடத்தில் இந்திராயணி ஆற்றின் மேலிருந்த பழைய இரும்பு நடைபாலம் ஜனக்கூட்டத்துடன் இடிந்து விழுந்து நால்வர் மாண்டனர். பாலம் அபாயமானது என்று எச்சரிக்கைப் பலகை இருந்தது. பலகை வைத்தவர்கள் பாலத்தை அகற்றவில்லை, வழியை அடைக்கவுமில்லை. ஜனங்களிடமும் பிழை உண்டு. பலகையைப் படித்துவிட்டும் போகிறவனை, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளத்தில் படம் பிடிக்கிறவனை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் ஒரு காவலன் நின்றிருந்தால் அவ்வளவு பேர் பாலமேறியிருப்பார்களா?

குற்றாலத்தில் நாம் காண்பது வேறு முறை. வெள்ளம் பெருகினால் போலீஸார் அருவியில் குளிப்பதை நிறுத்துகின்றனர், தணிந்ததும் விடுகின்றனர். அங்கே மாதத்தைப் பார்ப்பதில்லை, நீரைப் பார்க்கின்றனர். அந்த முறையும் குறையற்றதன்று. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. அருவியடியில் நிற்பவன் கண் போதாது. மலைமேலும் ஒரு கண் வேண்டும் என்பதையே அது காட்டிற்று.

போர்காட்டுக்கு வேண்டுவதும் இதுதான். மேல் ஓடைகளில் மழைமானியும் அபாயச் சங்கும், மழை மாதங்களில் ஊதுகுழலும் கயிறும் கொண்ட காவலர்களும் வேண்டும். லோணாவளாவில் சிவதுர்க் மித்ர என்ற தொண்டர் குழுவினர் விபத்து நேர்ந்தபோதெல்லாம் இறங்கித் தேடுகிறார்கள். மலையை வீட்டுமுற்றம்போல் அறிந்த அவர்களை விபத்துக்குப் பின் அழைப்பதைவிட, முன்பே ஸர்க்கார் செலவில் ஓடைக்கரையில் நிறுத்தினால் என்ன? அடுத்த ஜூன் பிறப்பதற்குள் பூசி அணைக்கு மேலுள்ள அந்த ஓர் ஓடையிலாவது இவற்றைச் செய்து காட்டும்படி ஜில்லா அதிகாரிகளை வற்புறுத்துகிறோம்.