கோழிக்குஞ்சுகளின் சாவும் அதைத் தடுக்கும் வழியும்

அடைக்கோழி பன்னிரண்டு குஞ்சுகளுடன் இறங்கினால், இரண்டு மாதங்களுக்குப் பின் அவற்றில் பாதியும் அதன் பின்னே திரியாதிருப்பது நம் கிராமங்களில் சாதாரணக் காட்சியாகும். மாடொன்று தீனி எடுக்காவிடில் வைத்தியரைத் தேடி ஆள் அனுப்பும் வீட்டிலே, குஞ்சு செத்தால் அதைக் குப்பைமேட்டில் எறிவதோடு காரியம் முடிகிறது. கோழி வளர்த்தல் பெண்டுகளின் கைக்காசுக்கான அற்ப வேலை என்று நிலமுடையோர் எண்ணுவதே இதற்கு முதற் காரணம். அந்தக் கைக்காசு எத்தனை வீடுகளில் பிள்ளைகளின் புத்தகத்திற்கும் அவசர மருந்திற்கும் உதவுகிறதென்பதை அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

பொரித்த குஞ்சின் வயிற்றினுள் எஞ்சியுள்ள மஞ்சட்கரு அதை இரண்டு தினங்களுக்குக் குறையாமல் தாங்கும். ஆதலால் முதல் நாளில் மடியும் குஞ்சு பெரும்பாலும் இரையின்றி மடிவதில்லை. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி அதற்கு முதல் இரண்டு மூன்று வாரங்களில் போதுமான அளவு அமைவதில்லையாகையால், குளிரே அதற்குப் பெரும் சத்துருவாகிறது. தாய்க்கோழி இருந்தால் அதன் சிறகே போதும். தாயில்லாமல் வாங்கிவந்த குஞ்சுகளுக்கோ விளக்கின் கீழ் முதல் வாரத்தில் சுமார் 95 பாரன்ஹீட் டிகிரி உஷ்ணம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். உஷ்ணமானி இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் குளிர் மிகுதி. அலகைத் திறந்துகொண்டு ஓரத்திற்கு விலகினால் சூடு மிகுதி. பரவலாகப் படுத்திருந்தால் அளவு சரியே. மூலையுள்ள இடத்தில் அவை கும்பலாய் ஒதுங்கி ஒன்றையொன்று மிதித்துக் கொல்லுமாகையால், மூங்கிற்பாயை வட்டமாக நிறுத்தித் தடுப்பு அமைத்தல் நலம்.

குளிருக்கு அடுத்தது ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த தரையின்மேல் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பது குஞ்சுகளைச் சாவின் வாயில் அடைப்பதற்கு ஒப்பாகும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்திலேதான் தொற்றும் பக்குவத்தை அடைகிறது. இரண்டு அங்குல கனத்திற்கு உலர்ந்த உமியைப் பரப்பித் தினந்தோறும் கிளறிவிட்டு, நனைந்த பகுதியை அள்ளி அகற்றினால் இந்நோய் வெகுவாகக் குறையும். தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாயும், கூழாங்கற்கள் இட்டதாயும் இருக்கவேண்டும். இன்றேல் குஞ்சுகள் அதில் விழுந்து நனைந்து விறைத்துப்போம். நொய்யரிசி மட்டும் தின்ற குஞ்சு வயிறு நிரம்பியும் வளராது. பழம்பானையில் கிழிந்த சாக்கும் உலர்ந்த சாணமும் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் திரண்டிருக்கும் கரையான், செலவில்லாத நல்ல சத்துணவாகும். இது நம் பாட்டிமார் அறிந்த வித்தையே.

இவ்வளவும் செய்த வீட்டையும் ஒரே வாரத்தில் வெறுமையாக்குவது வெள்ளைக் கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும், 1927-ல் குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத்திலும் காணப்பட்டமையால் ராணிக்கேத் நோய் என்றும் இது வழங்கும். வந்தபின் இதற்கு மருந்தில்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், நான்காம் வாரத்தில் மறுபடியும் விட்டு, எட்டாம் வாரத்தில் ஊசி போடுதல் முறை. வளர்ந்த கோழிக்குரிய ஊசியைச் சிறு குஞ்சுக்குப் போட்டால் அதுவே கேடாய் முடியும். நோய் ஏற்கனவே தொற்றிய குஞ்சுகளுக்குப் போட்டுவிட்டு, அவை மடிந்ததும் மருந்தின் மேல் பழி கூறுவோரும் உளர்.

இம்மருந்து கிராமங்களில் பரவாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. ஒரு சிறு குப்பியில் உள்ளது நூற்றுக்கணக்கான கோழிகளுக்கானது. கரைத்தபின் அதிக நேரம் நில்லாது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவராவிடில் வீரியம் போய்விடும். பத்துக் குஞ்சுகள் வைத்திருக்கும் ஓர் ஏழைப் பெண் தனியாக இதை எவ்வாறு செய்வாள்? ஆகையால் இது வீட்டுக் காரியமன்று, ஊர்க் காரியம். கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு, கோழிகள் மேயப் புறப்படுமுன் விடியற்காலையில் ஊர்க் கோழிகளை எல்லாம் ஓரிடத்தில் கொண்டுவரச் செய்தல் கிராம அதிகாரிகளால் எளிதில் ஆகக்கூடியது. பெரிய பண்ணைக்காரர் தம் கோழிகளுக்கு மட்டும் போட்டுக்கொண்டு, பக்கத்துக் குடிசையின் கோழிகளை விட்டுவிடின், நோய் வேலிக்கு அப்பாலேயே காத்திருக்கும்.

கழிச்சல் கண்ட கோழிகளை அவசரமாய்ச் சந்தைக்கு அனுப்பும் வழக்கத்தையும் அவர்கள் கண்டித்துத் தடுக்கவேண்டும். ஓர் ஊரின் நோயைப் பத்து ஊருக்குப் பங்கிடுவது அதுவே. செத்தவற்றை வாய்க்காலிலும் குப்பைமேட்டிலும் எறியாமல், நாயும் நரியும் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கவேண்டும், அல்லது எரித்துவிடவேண்டும். சந்தையில் புதிதாய் வாங்கிய கோழியை இரண்டு வாரங்களாவது தனியே அடைத்து வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு விடுதல் வேண்டும்.