கட்டாக்காலிக் கழுதைகள், நெடுந்தீவுக் குதிரைகள்: பொறுப்பேற்பது யார்?

மன்னார் நகரில் கழுதைகள் வீதியோரம் கூட்டமாக நிற்பது புதிய காட்சியல்ல. பஸ் நிலையத்தைச் சுற்றியும் சந்தைப் பக்கமும் அவை குப்பையைக் கிளறி, மரக்கறிக் கழிவோடு பொலித்தீன் பையையும் சேர்த்துத் தின்கின்றன. இரவில் சூடு தணியாத தார் வீதியில் படுத்துக்கிடந்து வாகனங்களில் அடிபடுகின்றன. கால் முறிந்த கழுதையின் படம் முகநூலில் வரும்போது இரண்டு நாள் கவலைப்படுகிறோம். மூன்றாம் நாள் "இவற்றை எங்காவது கொண்டுபோய் விடுங்கள்" என்ற கோரிக்கை எழுகிறது.

எங்கே கொண்டுபோய் விடுவது, யாரிடம் விடுவது என்பதற்கு மட்டும் பதில் வருவதில்லை. கைவிடப்பட்ட கழுதை, குதிரைகளை மீட்பது பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.

மன்னாருக்குக் கழுதையைக் கொண்டுவந்தவர்கள் அராபிய வணிகர்கள் என்று நம்பப்படுகிறது. பள்ளிமுனையில் நிற்கும் பெரிய பெருக்குமரத்தைப் பற்றியும் இதையே சொல்வார்கள். மரத்தைப் பாதுகாத்து, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். கழுதையோ பல தலைமுறைகளாக விறகும் தண்ணீரும் மூட்டைகளும் சுமந்தது. சைக்கிளும் லான்ட்மாஸ்டரும் லொறியும் வந்தபின் அதற்கு வேலை இல்லாமல் போனது. போரும் இடப்பெயர்வும் வீட்டுக்கும் கால்நடைக்கும் இருந்த தொடர்பை மேலும் அறுத்தன. ஒருகாலத்தில் வீட்டுக் கழுதையாக இருந்தது இன்று ஊர்க் கழுதை.

சட்டத்தின் கண்ணில் அது யாருடையது? கட்டாக்காலி மாட்டை உள்ளூராட்சி சபை பிடித்துக் கட்டினால், உரிமையாளர் வந்து தண்டப்பணம் செலுத்தி மீட்டுக்கொள்வார். மாட்டுக்கு விலை இருக்கிறது, அதனால் ஆள் வருகிறது. கழுதையைப் பிடித்துக் கட்டினால் தேடி வர ஆளில்லை. தீனி போடும் செலவு சபையின் தலையில் விழும். அது வனவிலங்கும் அல்ல என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் பார்வைக்குள்ளும் வராது. பாலும் இறைச்சியும் தராத பிராணி என்பதால் கால்நடைத் திட்டங்களிலும் அதற்கு இடமில்லை.

விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்க எமக்கு இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதில் விதிக்கப்பட்ட உச்ச அபராதம் 100 ரூபாய். அன்று அது பெரிய தொகை. இன்று ஒரு இறாத்தல் பாண் வாங்கவே போதாது. இதற்குப் பதிலாக விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்தது. அதன் பின் எத்தனையோ அரசாங்கங்கள் மாறியும் அது இழுபட்டே வந்திருக்கிறது. உரிமையாளரே இல்லாத பிராணிக்கு நேரும் புறக்கணிப்புக்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது என்ற சிக்கல் வேறு.

இந்த வெற்றிடத்தில் வேலை செய்தவர்கள் தன்னார்வலர்கள்தான். 'பிரிட்ஜிங் லங்கா' என்ற அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கான சிகிச்சை நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவை, முட்கம்பியும் கயிறும் இறுகிப் புண்ணானவை அங்கே சிகிச்சை பெற்றன. "மன்னார் கழுதை" என்பதை ஏச்சாகவே கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கழுதையைத் தொட்டுப் பழகும் வாய்ப்பையும் அங்கே பெற்றார்கள். ஆனால் ஒரு மாவட்டத்தின் கழுதைகள் எல்லாவற்றையும் நன்கொடையில் இயங்கும் ஒரு நிலையம் சுமக்க முடியாது. சிகிச்சை முடிந்த கழுதை திரும்பவும் அதே வீதிக்குத்தான் போகவேண்டும் என்றால், அடுத்த விபத்து வரைதான் அந்தச் சிகிச்சைக்குப் பலன்.

அப்படியானால் நகரத்திலிருந்து அகற்றி ஆளில்லாத காணியில் விட்டால் என்ன? நகரவாசிகளின் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிரும் உயிர்தான். வீட்டுத் தோட்டம் அழிந்தவரின் நட்டமும் நட்டம்தான். ஆனால் இடம் மாற்றுவதும் மீட்பதும் ஒன்றல்ல. கழுதை துணையோடு வாழும் பிராணி. கூட்டாளியைப் பிரித்தால் தீனியை நிறுத்திவிடும். தீனி நின்றால் இரத்தத்தில் கொழுப்பு அளவுமீறி ஏறி, ஈரலும் சிறுநீரகமும் பழுதாகி இறந்துபோகக்கூடும். நோவை வெளிக்காட்டாத பிராணி என்பதால் நோய் முற்றிய பின்தான் தெரியவரும். தண்ணீர் இல்லாத காணியில் விடுவது, எமது கண்ணில் படாத இடத்தில் சாகவிடுவதாகும்.

இதை விளங்கிக்கொள்ள நெடுந்தீவைப் பார்த்தால் போதும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரை வளர்ப்பின் எச்சமாக அங்கே குதிரைகள் திரிகின்றன. ஒல்லாந்தரின் குதிரை லாயத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் குதிரைகளுக்கு மேய்ச்சல் தரவை உண்டு. 2015இல் 1,846 ஹெக்டேயர் நிலம் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இருந்தும் வறட்சிக் காலங்களில் அவை தண்ணீரின்றி மடிந்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். வெயிற்காலத்தில் அதைவிடக் கூட. குடிதண்ணீருக்கு மக்களே அல்லாடும் தீவில், தொட்டியை நிரப்புவது யாருடைய வேலை என்று தீர்மானிக்காவிட்டால் அது ஒருவருடைய வேலையாகவும் இருக்காது. குதிரைக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. எல்லை தாண்டி வந்து கிணற்றடியில் நிற்கும் குதிரைக்குப் பொறுப்பு திணைக்களமா, பிரதேச சபையா?

நுவரெலியாவில் கதை சற்று வேறு. அங்கே வீதியில் குப்பை மேயும் குதிரைகளில் பலவற்றுக்கு உரிமையாளர் உண்டு. விடுமுறைக் காலத்தில் சவாரிக்கு ஓட்டி வருமானம் பெறுகிறார்கள். காலம் முடிந்ததும் தீனிச் செலவுக்குப் பயந்து அவிழ்த்து விடுகிறார்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தின்ற பொலித்தீன் குடலை அடைத்தால், உடனடிச் சிகிச்சை கிடைக்காத குதிரைக்கு அது மரணம்தான். உரிமை என்பது காகிதத்தில் இருந்தால் போதாது, பதிவும் கண்காணிப்பும் வேண்டும் என்பதற்கு அந்தக் குதிரைகளே சாட்சி.

இதில் நாம் பின்பற்றக்கூடிய ஒரு முறை பிரித்தானியாவில் இருக்கிறது. 1969இல் தொடங்கப்பட்ட 'டொங்கி சாங்க்சுவரி' அமைப்பு, மீட்ட கழுதைகளைக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும்போது சோடியாகத்தான் கொடுக்கிறது. அதையும் இரவலாகவே கொடுக்கிறது. உரிமை அமைப்பிடமே இருக்கும். பராமரிப்பைச் சோதிக்க ஆள் போய் வரும். குடும்பத்தால் முடியாமல் போனால் கழுதை திரும்பி வரும். நல்ல பராமரிப்பில் கழுதை 30 வருடத்துக்கு மேலும் வாழக்கூடும். அத்தனை காலப் பொறுப்பை, ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு குடும்பத்தின் மேல் மட்டும் சுமத்தக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம்.

மன்னாரில் இதை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. எம்மிடம் புல்வெளிப் பண்ணைகளும் இல்லை, அவ்வளவு நன்கொடையும் இல்லை. ஆனால் நகர சபை கழுதைகளைக் கணக்கெடுத்து இலக்கமிட்டுத் தன் பொறுப்பில் பதிவது பெருஞ்செலவு அல்ல. கால்நடை வைத்திய அலுவலகம் வருடந்தோறும் ஆண் கழுதைகளுக்கு நலமடித்தால் பெருக்கம் குறையும். கழுத்தில் ஒளிதெறிக்கும் பட்டி கட்டினால் இரவு விபத்து குறையும். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது கழுதைக்கு மட்டுமா நல்லது? காணியும் கிணறும் உள்ள குடும்பங்களுக்குச் சோடியாக இரவல் கொடுத்து, குளம்பு வெட்டவும் மருந்துக்கும் சபை உதவினால் சிலவற்றுக்காவது வீடு கிடைக்கும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. நெடுந்தீவுக்குப் போகிறவர்களில் பலர் குதிரை பார்க்கத்தான் போகிறார்கள். மன்னார்க் கழுதையோடு படம் எடுக்காத பயணி குறைவு. அந்தச் சுற்றுலா வருமானத்தில் ஒரு சிறு பங்கை, தண்ணீர்த் தொட்டிக்கும் வைத்தியத்துக்கும் என்று வரவுசெலவுத் திட்டத்தில் தனியாக ஒதுக்கலாம்.

சபையில் அடுத்த முறை இந்தப் பிரச்சினை எழும்போது, கழுதைகளை எப்போது அகற்றுவீர்கள் என்று மட்டும் கேட்காமல், எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் அவை இருக்கின்றன என்றும் உறுப்பினர்கள் கேட்கவேண்டும். வைத்தியரை அனுப்புவதும் தண்ணீருக்குப் பணம் ஒதுக்குவதும் அந்தப் பதிவுக்குப் பிறகுதான் தொடங்கும்.