அகதிகளும் அனுமதிச் சீட்டும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு அண்மையில் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. வாழவந்தான்கோட்டையிலும் ஒரு முகாம் உண்டு. அங்கு வசிக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் எந்த உரிமையின்மேல் இந்நாட்டில் தங்கியிருக்கின்றன என்று கேட்டால், சர்க்காரின் தயவின்மேல் என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. தயவு பெரிதுதான், ஆனால் தயவை நம்பி எத்தனை தலைமுறை வாழ்வது?

இது நம் ஜில்லாவுக்குப் புறம்பான விஷயமன்று. மருங்காபுரி முதலிய வானம்பார்த்த சீமைகளையுடைய திருச்சி ஜில்லா, இலங்கைத் தோட்டங்களுக்கு ஏராளமான கூலியாட்களை அனுப்பிய ஜில்லாக்களுள் ஒன்று. 1904இல் தோட்ட முதலாளிகள் ஏற்படுத்திய இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமைக் காரியாலயம் திருச்சியிலேயே இருந்தது. கங்காணியின் வார்த்தையை நம்பிப் புறப்பட்ட ஏழைகள், மண்டபம் முகாமில் நோய்ப் பரிசோதனைக்குட்பட்டுக் கடல் கடந்தனர். அவர்கள் உழைப்பால் தேயிலைச் செல்வம் பெருகியது. பலன்? 1948ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தினால் இலங்கை அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த ஒப்பந்தம், 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தைக் கேட்பாரில்லை.

பின்னர் 1983 ஜூலை வந்தது. அன்று தொடங்கி 2012 ஆகஸ்டு வரையில் 3,04,269 அகதிகள் கட்டங்கட்டமாக இந்தியாவுக்கு வந்ததாக மத்திய உள்நாட்டு இலாகா கணக்குக் கூறுகிறது. யாழ்ப்பாணத்தாரும் மன்னாரும் மட்டுமல்ல, முன்பு இங்கிருந்து சென்ற கூலியாட்களின் பேரன்மாரும் அவர்களுள் உண்டு. பாட்டன் ஏறிப்போன மண்டபத்திலேயே பேரன் அகதியாக இறங்கினான். பலர் திரும்பிச் சென்றனர். திரும்ப இயலாதவர்கள் முகாம்களில் நிலைத்தனர்.

இவர்கள் ஒளிந்து வந்தவர்களல்லர். சர்க்கார் உத்தியோகஸ்தர்களே பெயரெழுதி, அரிசியளந்து, குடிலும் கொடுத்தார்கள். 2021இல் தமிழக சர்க்கார் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அங்ஙனமிருக்க, செல்லத்தக்க பாஸ்போர்ட்டின்றி வந்தவர் என்பதொன்றைக் கொண்டு 2003ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற வகுப்பில் தள்ளுகிறது. அந்த வகுப்பினர் பதிவின் மூலமாகவோ நெடுநாள் வாசத்தின் மூலமாகவோ பிரஜா உரிமை கோர இயலாது. குண்டுமாரிக்கு நடுவே ஓடி வந்தவன் எந்தக் காரியாலயத்தில் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருப்பான்?

மற்றையோர் விஷயத்தில் சர்க்கார் வழி கண்டிருக்கிறது. பாகிஸ்தான், பங்களாதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளின் சிறுபான்மையோர்க்கு நீண்டகால விசா உண்டு. அதைப் பெற்றவர் பாங்கியில் கணக்கு வைக்கலாம், சொந்தத் தொழில் நடத்தலாம், குடியிருக்க வீடு வாங்கலாம் என்று 2016இல் சலுகைகள் வகுக்கப்பட்டன. 2019ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அவர்களுக்குப் பிரஜா உரிமைக்கும் கதவு திறந்தது. துன்புற்றவனுக்கு இடமளித்ததை நாம் குறை கூறவில்லை, மகிழ்கிறோம். நிலத்தெல்லை தாண்டி வந்தவனுக்குக் காட்டிய கருணை, கடல் தாண்டி வந்தவனிடத்தில் ஏன் வற்றிப்போயிற்று என்றே கேட்கிறோம். 2015 ஜனவரி 9 வரையில் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குத் தண்டனை விலக்கு அளித்து 2025இல் உத்தரவு பிறந்தது. நல்லதே. ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, இங்கே வாழலாம் என்பது வேறு.

சட்டத்தின் விபரீதத்தைப் பாருங்கள். 1987 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை. அதன் பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராயிருக்க வேண்டும். ஆகவே ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த தமக்கை இந்தியப் பிரஜை. இரண்டாண்டு பிந்திய தம்பி அந்நியன்! நாள்காட்டியில் ஒரு தாளைப் புரட்டுவதால் மனிதனுடைய தேசம் மாறுமா?

இந்திய வம்சாவளியினரான அறுபத்தைந்து முகாம்வாசிகளின் வழக்கில், 2019 ஜூன் 17ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை, அவர்களுடைய பிரஜா உரிமை விண்ணப்பங்களின்மேல் பதினாறு வாரங்களில் முடிவு செய்யும்படி மத்திய சர்க்காருக்குக் கட்டளையிட்டது. ஆனால் ஒவ்வோர் ஏழையும் வக்கீல் வைத்துக் கோர்ட்டு வாசலில் நிற்பதா நீதி?

இலங்கையில் யுத்தம் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டும் என்பார் உளர். போக விரும்புவோர் கௌரவத்துடன் போகட்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இலங்கையைக் கண்ணாலும் காணாத வாலிபனை எந்த ஊருக்குத் திருப்பியனுப்புவது?

நாம் கோருவன இரண்டு. பதிவு பெற்ற இலங்கைத் தமிழர் அனைவருக்கும் நீண்டகால விசா தாமதமின்றி வழங்குக. அவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பழியிலிருந்து நீக்கிப் பிரஜா உரிமைக்கு விண்ணப்பிக்க வழி செய்க. தமிழ்நாட்டுக் கட்சிகள் மேடையில் கண்ணீர் வடித்தது போதும். பார்லிமெண்டில் ஒரே குரலாக நின்று இவ்விரண்டையும் பெற்றுத் தரட்டும். ஆளனுப்பிய ஜில்லா இது. திரும்பி வந்தவர்க்கு நீதி கேட்பதிலும் இதுவே முன்னிற்கக் கடமைப்பட்டது.